பின்பக்கம் எழுதாத படம்

முதல் நாள், வியாழன்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது காலை ஆறரை மணி. வெளியே இன்னும் இருட்டு. மாமா வந்திருந்தார். "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். விமானத்தில் கொடுத்ததை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. போகும் வழியில் ஒரு காப்பிக்கடையில் நிறுத்தி, பரோட்டாவும் மீன் குழம்பும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு வரலாற்றுக் குழு நடத்துகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், ஒரு தபால்காரர், ஒரு தையல்காரர், நான். மாதம் ஒருமுறை கூடுவோம். கல்வெட்டு, பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று கிடைப்பதையெல்லாம் படம் எடுத்து வைக்கிறோம். ஆனால் கப்பலேறிப் போனவர்களைப் பற்றி எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. தெருவுக்குத் தெரு சிங்கப்பூர்க் கதை உண்டு, எழுதி வைத்தவர்தான் யாரும் இல்லை. இங்கே இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஐந்து நாள் விடுப்பு போட்டேன்.

அத்தை வீடு குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், டாசன் பக்கம். வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய புதிய அடுக்குமாடி. அதற்கு முன் டாங்ளின் ஹால்ட்டில் பத்துமாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். 2014-ல் டாங்ளின் ஹால்ட்டில் 31 புளோக்குகளை மறுமேம்பாட்டுக்கு எடுப்பதாக அறிவிப்பு வந்தது. இங்கே அதை 'செர்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மாற்று வீடு கட்டி முடித்து எல்லோரும் குடிபோகச் சில ஆண்டுகள் ஆயின. "வீடு நல்லாத்தான் இருக்கு. லிஃப்டு ஒவ்வொரு மாடியிலயும் நிக்குது. ஆனா கதவைத் திறந்தா யாரு நிக்கிறாங்கன்னு தெரியல" என்றார் அத்தை.

மதியம் மாமா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே பழைய ஒரு வெள்ளி (டாலர்) நோட்டு, 1967-ல் வெளிவரத் தொடங்கிய ஆர்க்கிட் வரிசை. முன்பக்கம் பூ. திருப்பிக் காட்டினார். பின்பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். "இதான் நம்ம ஏரியா" என்றார். நாட்டின் பணத்தில் அச்சடித்த வீடுகள். அவற்றில்தான் அவர் மகள் நடை பழகினாள்.

அதே உறையில் இன்னொன்றும் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தகரக் கொட்டகை, பின்னால் மரம், முன்னால் வேட்டியும் அரைக்கால் சட்டையுமாக ஆண்கள், தரையில் உட்கார்ந்த பிள்ளைகள். ரயில்பாதை ஓரத்தில் இருந்த முனீஸ்வரன் கோவில் பூசையின்போது எடுத்ததாம். இடமிருந்து மூன்றாவது ஆள் மாமாவின் அப்பா. தண்டவாளத்தில் கேங்கு வேலை பார்த்தவர். மற்றவர்கள்? மாமா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அப்பாவுக்குத் தெரியும்" என்றார். அப்பா போய் இருபது வருடம் ஆகிறது.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் மஞ்சள் தாள். ஒரு எழுத்துகூட இல்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் தேசிய அரும்பொருளகம். அங்கே நான் பார்க்க நினைத்தது ஒரே ஒரு கல். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய மணற்பாறை ஒன்று இருந்தது. அதில் ஐம்பது வரி அளவுக்கு எழுத்து. 1843-ல் இடத்தை விரிவாக்க வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்றுதான் கண்ணாடிக்குள் இருக்கிறது. இதுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. அதில் 'கேசரிவ' என்று ஒரு பகுதி தெரிகிறது, சோழர் பட்டமான பரகேசரிவர்மன் என்பதன் துண்டாக இருக்கலாம் என்று 2019-ல் ஓர் ஆய்வாளர் சொன்னார். முடிவான விஷயம் இல்லை. ஆனாலும் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிறைய நேரம் நின்றேன்.

அங்கிருந்து ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் நடந்தால் சாலையோரம் இரண்டு செங்கல் தூண்கள் தனியாக நிற்கின்றன. பழைய தேசிய நூலகத்தின் வாசல் தூண்கள். 1960-ல் திறந்த கட்டடம் அது. அதைக் கட்டத் தொழிலதிபர் லீ கோங் சியான் 375,000 வெள்ளி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்: நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்கவேண்டும், உள்ளூர் மொழிகளுக்கும் அங்கே இடம் வேண்டும். கோட்டைக் குன்றின் அடியில் சுரங்கச் சாலை போடுவதற்காக 2004-ல் கட்டடம் இடிக்கப்பட்டது. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கமும் கட்டடக் கலைஞர்களும் வாசகர்களும் அதைக் காப்பாற்ற எவ்வளவோ முயன்றார்கள். தோற்றுப்போனார்கள். ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகுதான், இடிப்பதற்கு முன் மக்களைக் கேட்கவேண்டும் என்ற பேச்சு இங்கே பலமாக எழுந்தது என்று நான் நினைக்கிறேன். இந்தத் தூண்களைக் கடந்து போகிற கல்லூரிப் பிள்ளைகள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஒரு தூணைத் தொட்டுவிட்டு வந்தேன்.

இப்போதைய நூலகம் விக்டோரியா ஸ்திரீட்டில். 'சிங்கை நேசன்' பார்க்கக் கேட்டேன். 1887 ஜூனில் தொடங்கி மூன்றாண்டு வந்த வார இதழ், ஆசிரியர் சி.கு. மகுதூம் சாயபு, அச்சடித்தது தீனோதய வேந்திரசாலை. நுண்படச் சுருளை (மைக்ரோஃபிலிம்) கருவியில் மாட்டிச் சுழற்றினால் நம் எழுத்து பழைய கோலத்தில் ஒவ்வொரு பக்கமாக நகர்கிறது. றா, னா, ணை எல்லாம் பெரியாருக்கு முந்தைய வடிவம். கப்பல் செய்தி, விலைவாசி, ஊர் வழக்கு. நூற்று முப்பது வருடத்துக்கு மேலான தமிழ்க்குரல், இந்த ஊரில், என் கண்ணுக்கு முன்னால். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

நூலகத்தோடு சேர்ந்து தன்னார்வலர்கள் செய்த இன்னொரு வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். சிங்கப்பூர் சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டான 2015-ல், 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் இங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கி நாட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று பெயர். 300-க்கும் மேற்பட்ட நூல்கள். அருண் மகிழ்நன் முன்னின்று நடத்தினார். ஒவ்வொரு எழுத்தாளரிடமும், அவர் இல்லையென்றால் குடும்பத்தாரிடமும் போய் அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாகச் சரிபார்த்துச் செய்கிற வேலை அது. எங்கள் குழுவில் ஒரே ஒரு ஊர் மலரை ஸ்கேன் செய்து ஏற்றவே நாங்கள் நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். அதனால் 300 என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள், சனி

புக்கிட் பிரவுன். சீனர் இடுகாடு. 1922-ல் நகராட்சி திறந்தது, 1973-ல் மூடியது, ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள். 2011-ல் இதன் நடுவே சாலை வரப்போகிறது என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ நான்காயிரம் கல்லறைகளைத் தோண்டி எடுக்கவேண்டி வந்தது. மரபுடைமைச் சங்கமும் இயற்கைச் சங்கமும் பேசிப் பார்த்தன. சாலை நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லறையையும் பதிவு செய்த பிறகுதான் எடுத்தார்கள். அதே நேரம் பொதுமக்கள் சிலர் தாங்களாகவே வாரம் தவறாமல் வந்து, புதர் விலக்கி, எழுத்துப் படித்து, யாருடைய கல்லறை என்று கண்டுபிடித்து, வருகிறவர்களுக்கு இலவசமாகச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார்கள். தங்களைப் 'பிரவுனீஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

எங்களைக் கூட்டிப்போனவர் ஐம்பது வயது தாண்டிய பெண்மணி. காலில் சாக்கைக் கட்டியதுபோல் கனத்த பூட்ஸ், கையில் தண்ணீர் தெளிக்கிற சாதாரணப் புட்டி. மழுங்கிப்போன கல் ஒன்றின் முன் உட்கார்ந்து தண்ணீரை மெல்லப் பீய்ச்சினார். வெறும் சாம்பல் நிறமாக இருந்த கல்லில் எழுத்துப் பள்ளங்கள் மட்டும் கறுத்து, ஒவ்வொரு கோடாக மேலே வந்தன. அரை நிமிடம் அப்படியே நின்றது. பிறகு காற்றில் காய்ந்து மறுபடியும் மறைந்துவிட்டது. அதற்குள் அவர் படம் எடுத்திருந்தார்.

சில கல்லறைகளுக்கு இரண்டு பக்கமும் தலைப்பாகையோடு சீக்கியக் காவலர் சிலைகள். பணக்காரர் வீட்டு வாசலில் அந்தக் காலத்தில் சீக்கியர்தான் காவல். இறந்த பின்னும் காவல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு சிலைக்கு வண்ணம்கூட அழியவில்லை. பட்டன், பெல்ட், துப்பாக்கி, மீசை எல்லாம் அத்தனை கவனமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லறைக்குள் இருப்பவருக்கு மூன்று தலைமுறைப் பெயர் கல்லில் இருக்கிறது. காவலருக்குப் பெயர் இல்லை. நம் ஆட்களின் கதையும் இந்த ஊரில் பல இடங்களில் இப்படித்தான். 1825-லிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள்தான் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டினார்கள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சுண்ணாம்பும் குழைத்த மெட்ராஸ் சாந்தில் அந்தச் சுவரைப் பளபளவென்று பூசினார்கள். சாந்தின் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார்கள், பூசியவர் பேரை எழுதவில்லை.

மலைச்சரிவில் நின்றபோது எனக்கு எங்கள் ஊர்க் கோவில் நினைவு வந்தது. திருப்பணி என்று சொல்லி, அடிப்பீடத்துக் கல்வெட்டை மணல் வீச்சில் வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். நாங்கள் படியெடுக்கத் தாளும் மையும் வாங்கிக்கொண்டு போனது இரண்டு நாள் கழித்து. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கல் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். எங்கள் குழு ஆரம்பித்ததே அந்த வாரத்தில்தான். அந்தப் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அழுத்தினார். வழியில் பிரியும்போது என்னிடம் ஒரு யோசனையும் சொன்னார். அதை ஐந்தாம் நாளில் எழுதுகிறேன்.

நான்காம் நாள், ஞாயிறு

இன்றைய நாளுக்காகத்தான் இந்தப் பயணமே.

குவீன்ஸ்டவுன் இந்த நாட்டின் முதல் துணைநகரம். முன்பு சதுப்பும் தோட்டமும் கம்பமுமாக (கம்பம் என்றால் மலாயில் கிராமம்) இருந்த இடம். 1953-ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டை ஒட்டி இந்தப் பெயர் வைத்தார்கள். பழசு என்பதால் இடிப்பதும் இங்கேதான் முதலில் வருகிறது. 2010-ல் இளைஞர்கள் சிலர் 'மை கம்யூனிட்டி' என்று ஒரு மரபுடைமை அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய அரண்மனையோ கோட்டையோ இல்லாத ஒரு குடியிருப்புப் பேட்டையில், சந்தையும் நூலகமும் முடிதிருத்தும் கடையும்தான் வரலாறு என்று எடுத்துக்கொண்டார்கள். மக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள், மனு எழுதினார்கள். குவீன்ஸ்டவுன் நூலகம், காமன்வெல்த் அவென்யூவின் பழைய ஈரச்சந்தை, அலெக்சாண்ட்ரா மருத்துவமனை மூன்றும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாயின. அந்த நூலகம் 1970-ல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ திறந்தது, முதல் முழுநேரக் கிளை நூலகம். மாமா அங்கேதான் மாலையில் தமிழ் முரசு படிப்பாராம்.

நடைக்கு அத்தையும் வந்தார். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். "நான் இருந்த இடத்த எனக்கே காட்டப் போறாங்களா?" அப்புறம் நான் கிளம்புவதற்குள் அவரே குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

இருபது பேர் இருந்தோம். வழிநடத்தியவர் கல்லூரி முடித்த இளைஞர், கையில் பெரிதாக்கிய பழைய படங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, படத்தைத் தூக்கிப் பிடித்து, இப்போது இருப்பதோடு பொருத்திக் காட்டினார். டாங்ளின் ஹால்ட் என்ற பேரே ரயில் நின்றுபோன இடம் என்பதால் வந்தது. பத்துமாடிக் கட்டடங்களை ஹொக்கியனில் 'சாப் லாவ்' என்பார்கள், அப்படியென்றால் பத்துமாடிதான். அவர் சொல்லிக்கொண்டே வந்தபோது அத்தை குறுக்கிட்டார். ஆங்கிலமும் மலாயும் கலந்து, பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தது இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. இளைஞரோ பேச்சை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார். "எந்த வருஷம் ஆன்ட்டி? எந்த புளோக்கு?" அத்தை யோசித்தார். மகள் பிறப்பதற்கு முன்னா பின்னா என்று கணக்குப் போட்டார். அவருக்குத் துணையாக ஒரு சீன மூதாட்டி, அந்த மாட்டுக்கு ஒரு கொம்பு வளைந்திருக்கும் என்றார். இரண்டு பேரும் முப்பது வருடம் அடுத்தடுத்த புளோக்கில் இருந்தவர்கள், இதுவரை பேசியதில்லை. நடை முடியும்வரை ஒரே குடைக்குள் போனார்கள்.

ஒரு வரலாற்று அமைப்பின் வேலையை ஒரு காட்சியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். வழிகாட்டியே நின்று எழுதிக்கொண்டது.

பிறகு ரயில் பசுமைப் பாதை. 1932-ல் தஞ்சோங் பகாரில் நிலையம் திறந்து, இந்த வழியாகத் தண்டவாளம் போட்டார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில், மலேசியாவின் ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். நிலத்தை வீட்டு மனையாக்கிவிடாமல் பசுமை வழியாக விடுங்கள் என்று இயற்கைச் சங்கம் அதற்கு முன்பே திட்டம் கொடுத்திருந்தது. இன்று 24 கிலோமீட்டருக்கு நடக்கலாம். தண்டவாளம் இல்லை, புல்லும் மரமும், ஓடுகிறவர்களும் சைக்கிள்களும்.

ரயில் தொழிலாளர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் 1932-ல் வைத்த கொட்டகைதான் முனீஸ்வரன் கோவில். இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோவிலாக இருக்கிறது, 1998-ல் குடமுழுக்கு. கோபுரம், பளிங்குத் தரை, அன்னதானக் கூடம். அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். கண்ணை மூடியபோது எனக்கு மாமா காட்டிய தகரக் கொட்டகைதான் தெரிந்தது. வெயிலில் கம்பியும் கட்டையும் தூக்கியவர்கள், வேலை முடிந்து குளித்துவிட்டு, திருநீறு பூசி, படத்துக்கு நின்ற அந்தச் சாயங்காலம்.

ஐந்தாம் நாள், திங்கள்

அந்த யோசனை இதுதான். படத்தின் மேலே மெல்லிய டிரேசிங் தாளை வைத்து, அழுத்தாமல், ஒவ்வொரு தலையையும் வெளிக்கோடாக வரையவேண்டும். ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண். பெயர்களைத் தனித்தாளில் எண் வரிசையில் எழுதவேண்டும். படத்தில் பேனாவே படக்கூடாது, மை ஊறிவிடும். பின்பக்கம் எழுதியே ஆகவேண்டுமென்றால் மெதுபென்சிலால் ஓரத்தில் மட்டும். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். நாளைக்கு வேறொருவர் வேறு பெயர் சொன்னால், இரண்டையும் வைத்துக்கொள்ளவேண்டும்.

காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தேன். இருபத்துமூன்று தலைகள். ஆண்கள் பதினாறு, பிள்ளைகள் ஏழு. பெண்கள் ஒருவர்கூட இல்லை. "அவங்க பொங்கல் வச்சிக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றார் அத்தை. படத்தின் வலது ஓரத்தில் புகை போல ஒரு வெளுப்பு. அதுவரை படத்தின் பழுது என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு மாடி மேலே ஒரு பாட்டி இருக்கிறார், எண்பத்தாறு வயது. அவரும் ரயில் குவார்ட்டர்ஸில் வளர்ந்து டாங்ளின் ஹால்ட்டுக்கு வந்து, பிறகு இங்கே வந்தவர். அத்தை கூட்டிக்கொண்டு போனார். படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினோம். பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அவசரப்படவில்லை. அடுப்படியில் மருமகள் கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு ஒரு காதுதான் கேட்கும்" என்றார் பாட்டி, ஆறாம் எண்ணைத் தொட்டு. பெயர் வரவில்லை. அவன் அண்ணன் பெயர் வந்தது. அண்ணன் பெயரைப் பிடித்து அம்மா பெயர், அம்மாவைப் பிடித்து ஊர், திருவாரூர்ப் பக்கம். பிறகுதான் அவன் பெயர் விழுந்தது. விழுந்தவுடன் பாட்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். அதற்குப் பின் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. மணி அடிப்பவர், பூசாரிக்கு மச்சான், விளக்கு கட்டுபவர், தண்டவாளத்தில் கால் போனவர். ஒன்றரை மணி நேரத்தில் பதினான்கு பேருக்குப் பெயர். நான்கு பேருக்குப் பட்டப்பெயர் மட்டும். ஐந்து எண்கள் காலி.

பெயர்களை இங்கே போடவில்லை. அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பொதுவில் வரவேண்டும்.

மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று மாமாவின் உறைக்குள், வெள்ளி நோட்டுக்குப் பக்கத்தில். ஒன்று எங்கள் குழுவுக்கு. ஒன்றை அத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கோவிலுக்குக் கிளம்பிவிட்டார்.

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் அத்தையின் குரல்பதிவு வந்தது. பின்னால் கோவில் மணி, யாரோ பேசும் சத்தம். பதினொன்றாம் எண்ணைக் கோவிலில் ஒருவர் பார்த்துவிட்டாராம். பெயர் அவருக்கும் சரியாக நினைவில்லை. ஆனால் அந்த ஆளின் மகள் உட்லண்ட்ஸில் இருக்கிறாராம், போன் நம்பர் கொடுத்திருக்கிறார். அத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறார், மெதுபென்சில் ஒன்று வாங்கவேண்டுமாம், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறார்.